இருபத்தாறு பேருக்கு ஒரு கட்டைவிரல்

பிப்ரவரி 2, திங்கள்

எனக்கு எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் ஏமாந்துவிட்டோம் என்று என்னிடம் வரக்கூடாது.

பேர் மாசானமுத்து. வயது எழுபத்தொன்று. இந்தப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையின் கதவைத் திறப்பது, தண்ணீர் கேன் தூக்கி வைப்பது, தேநீர் வாங்கி வருவது என் வேலை. ஓய்வு கொடுத்த பிறகும் வருஷத்துக்கு ஒரு தாள் போட்டு நீட்டித்து வைத்திருக்கிறார்கள். மார்ச் முப்பத்தொன்றோடு இந்தத் தாள் முடிகிறது.

இன்று துறைத்தலைவர் ஞானசிகாமணி சார் எல்லாரையும் கூட்டினார். இனிமேல் பாடம் எல்லாம் ஏஐ வைத்துத்தானாம். கேட்டதை எழுதித் தருகிற கம்ப்யூட்டர் மூளையாம் அது. துறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தினமும் அனுபவக் குறிப்பு எழுதவேண்டும், மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டவேண்டும் என்றார்.

“எனக்கு எழுதத் தெரியாதே சார்” என்றேன்.

“அதுக்குத்தானே மாசானம் ஏஐ” என்று தன் பழைய போனைக் கொடுத்தார். இந்தப் பொத்தானை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. எழுதியதைத் திரும்ப வாசித்தும் காட்டுகிறது. நான் கொச்சையாகச் சொல்வதை ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஆக்கிவிடுகிறது. இருக்கட்டும். என் மருமகனும் என்னிடம் அப்படித்தான் பேசுவார்.

பிப்ரவரி 5, வியாழன்

நான்கு நாளாகக் கவனிக்கிறேன். சார் பாடத்தை ஏஐயிடம் கேட்டு வாங்கித் திரையில் போடுகிறார். பிள்ளைகள் பதிலை ஏஐயிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்தப் பதிலை சார் ஏஐயிடம் கொடுத்துத் திருத்தச் சொல்கிறார். அதற்கு மார்க் போட்டது அதே ஏஐதான் என்று கேள்வி. தான் எழுதினதுக்குத் தானே எண்பத்தேழு போட்டுக்கொண்டதாம்.

இதில் மனிதர்கள் செய்வது தண்ணீர் குடிப்பது ஒன்றுதான். என்னை இன்னும் வைத்திருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

எம்.ஏ. கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு வாய்மொழி வரலாறு என்று ஒரு பாடம். ஊருக்குள் போய் வயதானவர் ஒருவரையாவது பார்த்து, அவர் பிழைப்பைப் பற்றிக் கேட்டு, நோட்டில் எழுதி வரவேண்டும். மொத்தம் இருபத்தேழு பேர்.

ஏஐ காலத்தில் களவு நடக்கும் என்று சார் ஒரு பூட்டுப் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஆளாகப் பார்த்துப் பேசவேண்டும், பேசியவர் நோட்டின் கடைசியில் கைநாட்டு வைக்கவேண்டும். “உங்க சொந்த விரலை வச்சிரலாம்னு பார்க்காதீங்க. வருகைப் பதிவு மிஷின்ல உங்க எல்லார் ரேகையும் இருக்கு. ஒத்துப் பார்ப்பேன்” என்றார்.

பிள்ளைகள் முகம் செத்துப்போயிற்று. வீட்டில் வயதானவர் ஒருவர்கூட இல்லாத பிள்ளை இதில் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

மத்தியானம் ரெக்ஸன் என்ற பையன் உளுந்தவடை வாங்கி வந்தான். இரண்டு வருஷமாக என்னை “தண்ணி” என்று கூப்பிட்டவன். இன்று “தாத்தா” என்றான்.

“தாத்தா, உங்க விரலை மிஷின் எடுக்காதுல்லா?”

எடுக்காது. ஒன்பது வயதில் உப்பளத்தில் இறங்கியவன் நான். நாற்பது வயதில்தான் கரை ஏறினேன். உப்பும் வயதும் சேர்ந்து ரேகையைத் தின்றுவிட்டன. வருகைப் பதிவு மிஷினில் விரலை வைத்தால் ஒரு பெண் குரல் “மீண்டும் முயற்சிக்கவும்” என்கிறது. மூன்று மாதம் முயன்றுவிட்டு எனக்கு மட்டும் தனி நோட்டுப் போட்டார்கள்.

“அப்ப உங்க விரல் யாரோடதுன்னும் சொல்ல முடியாது” என்றான். படிக்கிற பையன்தான்.

ஏஐயிடம் சொல்லி உப்பளத் தொழிலாளி ஒருத்தியின் பேட்டியை எழுதி வைத்திருந்தான். பேர் கருப்பாயியாம், வயது அறுபத்தெட்டாம். அவள் கைநாட்டை நான் வைக்கவேண்டுமாம்.

“வீட்டுல ஆச்சி இருக்காள்ல. அவகிட்ட கேட்டா என்னல?”

“ஆச்சி பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டா தாத்தா.”

“வாசிச்சுக் காட்டு. காதுல விழாததுக்கு நான் விரல் வைக்கமாட்டேன்.”

வாசித்தான். ‘உப்பு என்பது எங்கள் வியர்வையின் வெண்மையான கவிதை’ என்று ஆரம்பித்தது. நான் வடையைக் கீழே வைத்தேன்.

“ஏல, கால் வெடிப்புல உப்புத் தண்ணி ஏறும்போது மனுஷன் வாயில என்ன வரும்னு உன் மிஷினுக்குத் தெரியுமா? அதை எழுதினா உன்னைக் காலேஜை விட்டே அனுப்பிருவான்.”

பிறகு பொழுது போகட்டும் என்று ஒன்றிரண்டு சொன்னேன். வேறு ஒன்றுமில்லை. எழுபத்தொன்பதாம் வருஷம், காலம் தப்பி ஒரு காலைமழை பெய்தது. மூன்று மாதம் வாரிக் குவித்த உப்பு ஒரு மணி நேரத்தில் கரைந்து ஓடியது. எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரி செல்லக்கிளி மட்டும் குனிந்து, ஓடுகிற தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, “நம்ம மூணு மாசம் நல்ல ருசியாத்தான் இருக்கு” என்றாள்.

ரெக்ஸன் அதைக் கருப்பாயி வாயில் வைத்துவிட்டான். முக்கால் மணி நேரம் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினான். இதற்குப் பேர் களப்பணி இல்லையாம். தாத்தா கொஞ்சம் சரிபண்ணிக் கொடுத்தாராம்.

விரல் வைத்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

காலையில் பத்தமடைப் பாய் நெய்கிறவனாக இருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு பனையேறி. சாயங்காலம் மீன் விற்கிறவளாகி வீட்டுக்குப் போனேன். இதுவரை பதினாலு பேர் ஆகிவிட்டேன். அதில் ஐந்து பேர் பெண்கள். எல்லாருக்கும் கூலி வடை.

ஒவ்வொன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். இந்த மிஷினுக்கு ஏழைகள் என்றாலே கண்ணீர் வந்துவிடுகிறது. அதன் பனையேறி உச்சியில் நின்று சூரியனுக்கு நன்றி சொல்கிறான். “கீழே குனிஞ்சா விழுந்துருவான், மேலே பார்த்தா கண்ணு கூசும். அவன் பாளையைத்தாம்ல பார்ப்பான்” என்று திருத்திக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த பனையேறி ஒருவர் ஏறும்போதெல்லாம் மாமியாரைத் திட்டிக்கொண்டே ஏறுவார். கோபத்தில் கால் வழுக்காது என்பார். அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு தடவை கேட்டால் எனக்கு மறக்காது. யார் நோட்டில் என்ன இருக்கிறது என்று வரிவரியாகச் சொல்வேன். இதில் பெருமை ஒன்றுமில்லை. எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு வேறு எங்கே வைக்க முடியும்?

பிப்ரவரி 24, செவ்வாய்

துறைக் கூட்டம். எல்லாருடைய அனுபவக் குறிப்பையும் சார் ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கி வாங்கியிருந்தார். முழுசாகப் படித்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தார். என்னுடையதை எல்லார் முன்னாலும் வாசித்தார்: “ஊழியர் திரு. மாசானமுத்து மாணவர்களுடன் நல்லுறவு பேணுகிறார். களப்பணியில் அவர்களுக்கு உறுதுணையாக உள்ளார். சிற்றுண்டிகள் திருப்திகரமாக உள்ளன.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மார்ச் 3, செவ்வாய்

என்னிடம் விரலுக்கு வராத ஒரே ஆள் பேச்சிக்கனி. வயது முப்பத்தாறு. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு படிக்க வந்தவள். மற்ற பிள்ளைகள் அவளை அக்கா என்பார்கள், பக்கத்தில் உட்காரமாட்டார்கள்.

இன்று மைப்பெட்டி காய்ந்துவிட்டது, துறையில் மை இருக்குமா என்று கேட்டு வந்தாள்.

“எதுக்குத் தாயி?”

“ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துற அம்மாக்களைப் பார்த்துட்டு வாரேன் பெரியப்பா. பதினோரு பேர் ஆச்சு.”

“ஒருத்தர் போதும்னுதானே சார் சொன்னாரு.”

“ஒருத்திகிட்டப் பேசினா பக்கத்துல இருக்கவ ‘என்கிட்டக் கேக்கமாட்டியாட்டி’ங்கா. எப்படி விட்டுட்டு வர?”

மை ஊற்றிக் கொடுத்தேன். அவள் விரல் நுனியெல்லாம் மை. என்னுடையதிலும் இருந்தது. அவள் பார்த்தாள்.

“இந்தப் பருவத்தோட முடிச்சாகணும் பெரியப்பா. ரெண்டு வருசம்னு சொல்லித்தான் அத்தை அனுப்புனாவ. ஒரு பேப்பர் நின்னாலும் ‘படிச்சது போதும்’னு சொல்லிருவாவ. அவரும் தலையாட்டிருவாரு. மறுபடியும் எழுத வீட்டை விட்டு வெளிய வர முடியாது.”

மார்ச் 12, வியாழன்

எழுதியது மனிதரா ஏஐயா என்று கண்டுபிடிக்க இன்னொரு ஏஐ இருக்கிறதாம். சார் இருபத்தேழு நோட்டையும் அதற்குள் விட்டார்.

இருபத்தாறு நோட்டு மனிதர் எழுதியது. பேச்சிக்கனியின் நோட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று மிஷின் எழுதியது.

ரெக்ஸன் சிரித்துச் சிரித்து எனக்கு விளக்கினான். “உங்களாலதான் தாத்தா நாங்க தப்பிச்சோம். மாமியாரைத் திட்டுற பனையேறியை எந்த மிஷினும் எழுதாதுல்லா. அந்த அக்கா நோட்டுல பதினோரு பேரும் ஒரே மாதிரிச் சொல்லுதாங்க. விடிய எந்திச்சேன், இலை நனைச்சேன், வெட்டினேன், சுத்தினேன், கடையில பாதிப் பீடியைச் சரியில்லைன்னு கழிச்சுட்டாங்க, இடுப்பு வலிக்கி. பதினோரு தடவை. அதான் மிஷின் எழுதினதுன்னு பிடிச்சிருச்சு.”

ஒரே மாதிரி வாழ்ந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? இதை நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பான்.

அவள் பெயர் ஒழுங்கு நடவடிக்கைக்குப் போகிறது. இருபத்துநாலாம் தேதி வெளியூர்ப் பேராசிரியை வந்து நேர்முகத் தேர்வு நடத்துகிறார். அதில் களவு என்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் பூஜ்யம்.

மார்ச் 13, வெள்ளி

தண்ணீர் கேன் ஆறு வந்தது.

மார்ச் 16, திங்கள்

பிள்ளைகள் வடை கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்றேன். மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆறிப்போன பிறகு தின்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

சாரின் அறைக்குப் போனேன்.

“சார், அந்தப் பேச்சிக்கனி நிசமாவே போய்ப் பார்த்துட்டு வந்த புள்ள.”

“உமக்கு எப்படித் தெரியும்?”

“மைப்பெட்டிக்கு மை ஊத்திக் குடுத்தேன்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “மாசானம், உமக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஏஐ கோடிக்கணக்கான புத்தகம் படிச்சிருக்கு. நான் யாரை நம்ப?”

நான் மற்ற இருபத்தாறைப் பற்றியும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. பேசி முடிக்கட்டும் என்று நிற்கலாம்தான். தேநீருக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். நேரம் ஆகியிருந்தது.

போகும்போது பின்னாலிருந்து சொன்னார்: “உம்ம நீட்டிப்புத் தாள் என் மேஜையிலதான் இருக்கு. அடுத்த வாரம் பார்ப்போம்.”

மார்ச் 20, வெள்ளி

பேச்சிக்கனி தூணோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. “வீட்டுல சொல்லிட்டியா தாயி?” என்றேன். “சொல்லலை பெரியப்பா. சொன்னா இருபத்துநாலாம் தேதி பஸ் ஏற விடமாட்டாவ” என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

வெளியூர்ப் பேராசிரியை பெயர் மெஹருன்னிசா. ஒல்லியான அம்மாள், ஐம்பது வயதிருக்கும். கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டுகளைக் கேட்டு வாங்கினார். பேச்சிக்கனியைக் கடைசியாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் வெளியே வராந்தாவில் நின்றாள்.

நான் தேநீர் கொண்டு உள்ளே போனபோது ரெக்ஸன் எதிரே நின்றுகொண்டிருந்தான். அம்மாள் அவன் நோட்டைச் சத்தமாக வாசித்தார். உப்பு கரைந்து ஓடுகிற இடம். “‘நம்ம மூணு மாசம் நல்ல ருசியாத்தான் இருக்கு.’ இருபத்தஞ்சு வருஷமா இந்தப் பாடம் எடுக்கிறேன் தம்பி. இப்படி ஒரு வாக்கியம் என் மாணவர் யாரும் கொண்டு வந்ததில்லை. இந்தக் கருப்பாயியை நான் பார்க்கலாமா?”

ரெக்ஸன் நோட்டைப் பார்த்தான். “அவங்க... போன வாரம் இறந்துட்டாங்க மேடம்.”

“பதினாலு வருஷம் ஆச்சு” என்றேன்.

தட்டு என் கையில்தான் இருந்தது. யாரோ பேசியது மாதிரி இருந்தது, நான்தான் பேசியிருக்கிறேன்.

“கருப்பாயி இல்லம்மா. செல்லக்கிளி. எம் பெண்டாட்டி.”

ஞானசிகாமணி சார் எழுந்துவிட்டார். “மேடம், இவர் வயசானவர், சில சமயம்...”

அம்மாள் சாரைப் பார்க்கவில்லை. நோட்டுகளின் கடைசிப் பக்கங்களை வரிசையாக விரித்தார். “நானும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். எல்லாத்துலயும் ரேகையே இல்லாத ஒரு மைத்திட்டு.”

“மை சரியில்லை மேடம்” என்றார் சார்.

“விரல் சரியில்லைம்மா” என்றேன் நான். “இருபத்தாறும் என் விரல். அவங்க எழுதிட்டு வந்ததைக் கேட்டு, தப்பா இருந்ததைத் திருத்தி, நானே வச்சேன். யாரும் என் கையைப் பிடிச்சு வைக்கலை.”

“ரேகை இல்லாத விரலை உங்களுதுன்னு எப்படி நிரூபிப்பீங்க?”

“எந்த நோட்டை வேணும்னாலும் எடுத்து முதல் வரி வாசிங்க. மிச்சத்தை நான் சொல்லுதேன்.”

பாய் நெசவை எடுத்தார். சொன்னேன். பனையேறியை எடுத்தார். மாமியார் வரைக்கும் சொன்னேன். மீன் விற்கிறவள் நோட்டில் அவர் வாசிப்பதற்கு முன்னாலேயே நான் சொல்லிக்கொண்டு போய்விட்டேன். நாலாவது நோட்டில் பக்கத்தைப் புரட்டி நடுவிலிருந்து கேட்டார். அதையும் சொன்னேன். ரெக்ஸன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஓர் ஓரமாகத் தனியே வைத்திருந்த நோட்டை எடுத்தார். “‘விடியுமுன்னே எழுந்து இலையை நனைச்சுப் போட்டுருவேன்.’ மேலே சொல்லுங்க.”

“இது எனக்குத் தெரியாதும்மா.”

வேறு பக்கம் திருப்பினார். “‘என் மக சடங்கான அன்னைக்கும் எண்ணிக்கை குறையலை.’”

“தெரியாது. இருபத்தேழுல எனக்குத் தெரியாத நோட்டு இது ஒண்ணுதான்.”

தேநீர் ஆறிப்போயிற்று. அம்மாள் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினோரு விரல். கோடு கோடாக, ஒன்று மாதிரி ஒன்று இல்லாமல். பேச்சிக்கனியைக் கூப்பிடச் சொன்னார்.

என்னை வெளியே போகச் சொன்னார்கள். கதவை நான்தான் சாத்தினேன்.

மார்ச் 27, வெள்ளி

இருபத்தாறு பேரும் பத்து நாளில் மறுபடியும் ஊருக்குள் போய் வரவேண்டும் என்று அம்மாள் எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்று சார் கூப்பிட்டார்.

“இவ்வளவு நாள் ஏன் மறைச்சீரு?”

“மறைக்கலையே சார். பிப்ரவரி பன்னெண்டாம் தேதியிலேருந்து தினமும் உங்க போன்லதான் சொல்லிட்டு வாரேன். நீங்ககூட கூட்டத்துல வாசிச்சீங்க, எல்லாரும் கைதட்டினாங்க.”

போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். அது என் பேச்சைப் பெண் குரலில் வாசித்தது. பாய், பனை, மீன் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவர் நாற்காலியில் தாழ்ந்துகொண்டே போனார். எனக்கு மெமோ கொடுத்தால் இதையும் கூடவே இணைக்கவேண்டும். இணைத்தால் படித்ததாக அவர் போட்ட கையெழுத்தும் வரும். அதனால் மெமோ இல்லை.

நீட்டிப்பும் இல்லை. போனை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மார்ச் 31, செவ்வாய்

பிரிவு உபசாரம். பொன்னாடை போட்டார்கள். சார் உரை வாசித்தார்: “திரு. மாசானமுத்து அவர்களின் கைத்தடம் இத்துறையின் ஒவ்வொரு பக்கத்திலும் பதிந்துள்ளது.” வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. எழுதித் தந்த ஏஐக்கு உறைத்திருக்க வாய்ப்பில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் இருமினார்கள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டில் பேச்சிக்கனியைப் பார்த்தேன். அவளாகத்தான் கூப்பிட்டாள்.

“பாஸ் ஆயிட்டேன் பெரியப்பா. அறுபத்தொண்ணு.”

“மத்தவங்க?”

“மறுபடியும் போயிட்டு வந்து எல்லாரும் எழுபத்தஞ்சுக்கு மேல. ரெக்ஸன் எண்பத்திரண்டு. அவங்க ஆச்சியைத்தான் பேட்டி எடுத்தானாம்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நன்றி சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். ஆனா வரலை பெரியப்பா. நீங்க திருத்திக் குடுக்காம இருந்திருந்தா அவங்க நோட்டெல்லாம் அன்னைக்கே சாயம் வெளுத்திருக்கும், என்னை மட்டும் யாரும் கள்ளின்னு சொல்லியிருக்கமாட்டாங்க. பன்னெண்டு நாள் சோறு எறங்கலை எனக்கு. உள்ளே வந்து சொன்னீங்க, சரி. அதுக்கு முன்னால அத்தனை வடை தின்னீங்கள்லா.”

“ஆமா தாயி” என்றேன். நடந்ததற்கு மேல் ஒன்றும் அவள் கூட்டிச் சொல்லவில்லை.

பஸ் வரத் தாமதமானது. இரண்டு பேரும் நின்றோம். கொஞ்சம் கழித்து அவளே பேசினாள்.

“அந்தப் பதினோரு அம்மாக்களைப் போய்ப் பார்த்தேன். பாஸ் ஆனதைச் சொன்னேன். ‘எங்க கதையைக் கேட்டுட்டு என்னட்டி சொன்னாங்க’ன்னு கேட்டாவ. மிஷினு எழுதினதுன்னு சொன்னாங்கன்னா சொல்ல முடியும்? வந்த மேடம் வாசிச்சுட்டு அழுதுட்டாங்கன்னு சொன்னேன்.”

“அழுதாங்களா?”

“எங்க? மூணு கேள்வி கேட்டாங்க, டிக் போட்டாங்க.”

“அந்த அம்மாக்களுக்குச் சந்தோசமா?”

“பத்துப் பேருக்குச் சந்தோசம். ஒரு அம்மா மட்டும் சுத்துற கையை நிறுத்தாமலே சொன்னாவ: ‘அழுறதுக்கு அவளுக்கு நேரம் இருக்குன்னா இங்க வரச் சொல்லுட்டி. இலை வெட்டித் தரட்டும்.’”

இந்தத் தடவை அவளும் சிரித்தாள். ஆலங்குளம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.